துட்டி கேட்க வந்தவள்

எங்கள் தெருவில் யார் செத்தாலும் பந்தல்காரனுக்கு முன்னால் அவள் வந்துவிடுவாள். சாவு வீட்டுக்குப் போய் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். ஊரில் எல்லோரும் துட்டிக்குப் போகிறவர்கள்தான். ஆனால் அவள் ஒருத்திதான் உண்மையிலேயே கேட்கிறவள். அதனால் துட்டிக்காரி என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

துட்டிக்கு ஒரு முறை உண்டு. பெண்கள் போனதும் கட்டிப்பிடித்து அழ வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். நல்ல மனுசன் என்று யாராவது சொன்னால் ஆமா போட வேண்டும். கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அதே காரியத்துக்காக அந்த வீட்டுக்குத் திரும்ப வருவதாக ஆகிவிடும். எழுந்து முந்தானையை உதறிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கிவிட வேண்டும்.

இதில் அந்தக் கடைசி முறையைத் தவிர எதையும் அவள் ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. அழ மாட்டாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, யார் அதிகமாக உடைந்து கிடக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் போய்த் தரையில் உட்காருவாள். கையில் இருக்கும் வயர் கூடையை மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு கேட்க ஆரம்பிப்பாள். கடைசியா என்ன சாப்பிட்டாக? ராத்திரி தூங்குனாகளா? ஒங்கிட்ட என்ன சொன்னாக? அவுக சொன்னது ஒனக்குப் புரிஞ்சுதா?

அதையும் மெதுவாகக் கேட்க அவளுக்கு வராது. சின்ன வயதிலிருந்து தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறவள். இருபது விசைத்தறி ஓடுகிற இடத்தில் பேசிப் பழகிய தொண்டை. ரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும். கஞ்சி போட்ட நூலின் வாடை அவள் சேலையை விட்டுப் போகவே போகாது. அந்த வாடை வந்தாலே, இவள் இப்போது எதையாவது கேட்கப் போகிறாளே என்று நான் தள்ளி உட்கார்ந்துகொள்வேன்.

துட்டி வீடு என்று இல்லை. எங்கேயும் கேட்பாள். ஒரு தடவை திருவேங்கடத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். சின்ன வயசுக் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தான்.

"ஏன் மக்கா, கண்ணு செவந்திருக்கு? அழுதியா?" என்றாள்.

"இல்ல ஆச்சி, தூசி."

"தூசி ரெண்டு கண்ணுலயுமா விழும்?"

பஸ்ஸே சிரித்தது. அவன் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டான். ஆனால் அவள் இறங்கவேண்டிய இடம் வந்தபோது, பஸ்ஸை நிறுத்திவிட்டு அவளோடு அவனும் படியிறங்கி நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். என்ன மானங்கெட்ட பழக்கம் என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சில சாவுகளுக்கு ஒரே காரணம்தான் சொல்வோம். வயித்துவலி. வலி தாங்காமல் முடித்துக்கொண்டான் என்போம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வார்த்தையே.

பக்கத்துத் தெருவில் படிப்பை முடித்த ஒரு பையன் அப்படிப் போய்விட்டான். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். வயித்துவலி என்றார்கள். தலையை ஆட்டினோம். இவள் அந்தப் பையனுடைய அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எத்தனை நாளா வலிச்சுது? எந்த டாக்டர்ட்ட காட்டுனீங்க?" என்றாள். அந்தச் சத்தத்தில் வெளியே நாற்காலியில் இருந்த ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பையனுடைய மாமன் வந்து நின்றார். "ஏ துட்டிக்காரி, எந்திரி. போலீஸே கேக்கலை. நீ என்ன பெரிய இவளா?"

அவள் எழுந்தாள், முந்தானையை உதறினாள், இறங்கிப் போய்விட்டாள். நான் கிளம்பி முடுக்குச் சந்து வழியாக வந்தபோது, அந்த அம்மாக்காரி புறவாசல் வழியாக வந்து துட்டிக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலை விரிந்து கிடந்தது. "அவன் ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்துக்கிட்டு இருந்தான் அக்கா. நான் தூக்கம் வரலை போலன்னு நெனைச்சேன். யாருமே என்கிட்ட ஒண்ணும் கேக்கலை அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனிந்து கடந்து வந்துவிட்டேன். பெற்றவளைத் தெருவில் நிற்க வைத்துக் கதை கேட்கிறாளே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

இனி என் வீட்டுக் கதை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கரிவலம்வந்தநல்லூரில் எங்களுக்கு நஞ்சை இருக்கிறது. ஊருக்குள் மாடி வீடு இருக்கிறது. என் மகன் சங்கர் படித்து ஆபீஸ் வேலையில் இருக்கிறான். நல்ல மருமகள், உமா. ஒரு பேத்தி. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஒரு குறையும் இல்லாத வீடு என்று சொன்னால்தான் அடுத்து வருவது எப்படி எங்களை அடித்தது என்று தெரியும்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்த சமயம், சங்கர் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பிறகு சாப்பாட்டைக் குறைத்தான். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஆசை ஆசையாக வாங்கிய மோட்டார் பைக்கை, "நீயே வச்சுக்க" என்று சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டான். ஒரு நாள் என்னிடம், "அம்மா, பாப்பாவை நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றான். "ஏன்லே, நீ எங்க போறே?" என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டான். யார் கண்ணோ பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு சக்கரக் குழி உண்டு. மனம் சரியில்லாதவர்களை அதில் உட்கார வைத்துக் கும்பிடுவது வழக்கம். அங்கே அவனை உட்கார வைத்தோம். புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசினோம். ஒன்றையும் மறைக்காமல் அம்மனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மனிடம் சொல்ல முடிந்த எங்களுக்கு டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டரிடமும் போனோம். ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத்தான். ஒரு சின்னப் பெண், புது டாக்டர். என்ன செய்யுது என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "வயித்துவலி" என்றார். வீட்டில் நாங்கள் பேசி வைத்துக்கொண்டு போனதில்லை. அவர் வாயில் தானாக வந்தது அது. டாக்டர் சங்கரைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். இங்க வலிக்கா, இங்க வலிக்கா என்று கேட்டாள். அமுக்கிய இடத்துக்கெல்லாம் அவன் தலையை ஆட்டினான். ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னதற்கு வைத்தியம் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டுக் கேட்டாள். அவளிடமும் அதே வயித்துவலிதான். அது அங்கிருந்து தறிக்கூடம் வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி வாடை வந்தது. நம் உலைக் கஞ்சிதான் என்று நினைத்துத் திரும்பினால், அவள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, நேராக வந்து, என் வீட்டு நடு ஹாலில் தரையில் உட்கார்ந்தாள். வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். துட்டி வீட்டில் உட்காருகிறாளே, அதே மாதிரி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "என்ன வந்திருக்க?" என்றேன்.

"சங்கருக்கு வயித்துவலியாமே மதினி."

"ஊசி போட்டாச்சு. சரியாப் போச்சு."

"சரியாப் போச்சுன்னா அவன் எங்க?"

"படுத்திருக்கான்."

"கூப்பிடு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்."

"இங்கன என்ன துட்டி நடக்குன்னு வந்து உக்காந்திருக்க? எங்க வீட்டுல ஒண்ணும் நடக்கலை. எந்திரி மொதல்ல."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நடக்கலைன்னுதான் மதினி வந்தேன். நடந்த பொறவு வாறதுக்கு ஊரே இருக்குல்லா."

வடிதட்டு என் கையில் இருந்தது. சுட்டது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. வயித்துவலி என்று இந்த ஊரில் செத்தவர்களுக்குத்தான் சொல்வார்கள். உயிரோடு உள்ளே படுத்திருக்கிற பிள்ளைக்கு நாங்கள் அதைச் சொல்லியிருக்கிறோம். அவள் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இவ்வளவும் எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

அவள் சத்தம் கேட்டு சங்கரே எழுந்து வந்து கதவோரம் நின்றான். கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம். பின்னாலேயே உமா.

"ஏலே சங்கரு, இங்கன உக்காரு" என்று தரையைத் தட்டினாள். அவன் உட்கார்ந்தான். அவன் கையை எடுத்துத் தன் கூடையின் மேல் வைத்துக்கொண்டாள்.

"மக்கா, சாகணும்னு தோணுதா?"

எதிர் வீட்டு முற்றத்தில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவ்வளவு உரக்கக் கேட்டாள். என் வீட்டில், என் பிள்ளையிடம், பட்டப்பகலில் ஒருத்தி அப்படிக் கேட்கிறாள். நான் வடிதட்டைப் பிடித்தபடி நின்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார். "ஏம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? நல்லா இருக்கவன் காதுல என்ன வார்த்தையைப் போடுத? வெளிய போ."

"செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. ஒங்ககிட்ட கேக்கலை. அவன்கிட்ட கேட்டேன்."

சங்கர் தரையைப் பார்த்தபடி, "ஆமா அத்தை" என்றான்.

எத்தனையோ நாளாக ம், இல்லை என்பதைத் தவிர ஒன்றும் பேசாதவன் சொன்ன முதல் வார்த்தை. அவன் அழவில்லை. பேருந்தில் சுமையை மேலே ஏற்றிவிட்டு உட்காருகிறவன் மாதிரி மூச்சு விட்டான். அழுதது நான்தான். அதுவும் சத்தம் வராமல்.

அவள் விடவில்லை. "எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?"

அவன் பின்கட்டு அறையைப் பார்த்தான். அவள் உமாவைப் பார்த்தாள். உமா போய்த் தேடி ஒரு பொருளைக் கொண்டுவந்தாள். அது என்னவென்று எழுத மாட்டேன். அது அங்கே இருந்தது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. துட்டிக்காரி அதை வாங்கித் தன் கூடைக்குள் வெற்றிலைப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். தாம்பூலப் பை வாங்கி வைக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

"இப்பவே கெளம்பணும்" என்றாள்.

"இன்னைக்கு அஷ்டமி" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "நாளைக்கு வெள்ளென..."

"நேத்து வயித்துவலிக்கு நாள் பாத்தா அண்ணாச்சி போனீக?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"உமா, நீ அவன் பக்கத்தை விட்டு நகராத. பாத்ரூமுக்குப் போனாலும் கதவைத் தாழ் போட விடாத. மதினி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லு. என்னன்னு கேட்டா உள்ளதைச் சொல்லு."

வீட்டுக்காரர்தான் போன் செய்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், என்ன பிரச்சனை என்று கேட்டது எனக்கும் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். "வயி..." என்று வந்தது. நிறுத்திக்கொண்டார். போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை. எழுதும்போது இப்போதும் கை நின்றுவிடுகிறது. "என் மகன் சாகணும்னு சொல்லுதான்" என்றேன்.

அந்தப் பெண் அதிரவில்லை. அதுதான் என்னை இன்னும் அதிர வைத்தது. "பக்கத்துல ஆள் இருக்காங்களாம்மா? தனியா விடாதீங்க. கையில எதுவும் இல்லாமப் பாத்துக்குங்க. வண்டி வருது" என்று, பால்காரனுக்கு வழி சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். எங்கள் வீட்டுக் கூரை இடிந்து விழுந்த வார்த்தை, அந்தப் பெண் தினமும் கேட்கிற வார்த்தை. அப்படியென்றால் எத்தனை வீடுகள். எத்தனை பேர் போன் பண்ணி இதைச் சொல்லியிருப்பார்கள். எத்தனை பேர் சொல்லாமல் வயித்துவலி என்றிருப்பார்கள்.

வண்டி வந்தது. தெரு முழுக்க வாசலில் நின்றது. சங்கரை ஏற்றினார்கள், நானும் உமாவும் ஏறினோம். அவள் கூடையோடு தெருவில் நின்றுகொண்டு, கதவைச் சாத்தப் போகும்போது, தறிக்கூடத்துச் சத்தத்தில் சொன்னாள்:

"மதினி, போயிட்டு வாரேன்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனை வீடுகளில் எழுந்து பேசாமல் போனவள். இந்த வீட்டில் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அதே சின்ன டாக்டர். நான் போனில் சொன்னதையே சொன்னேன். இரண்டாம் தடவை கொஞ்சம் சுளுவாக வந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். நேற்று வரிசையில் நிறுத்தியவர்கள் இன்று கதவைத் திறந்து பிடித்தார்கள். ஒரு நர்ஸ் சங்கர் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் எங்கெங்கோ பேசினாள், திருநெல்வேலியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்கும் இடத்துக்கு அதே வண்டியில் அனுப்பி வைத்தாள். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

அங்கே அவனைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், உட்கார வைத்துப் பேசினார்கள். ஒரே நாளில் ஒன்றும் சரியாகிவிடவில்லை. மாத்திரை இன்றைக்கும் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்தான். ஒரு காலையில் தோசை சரியாக வேகவில்லை என்று உமாவிடம் சண்டை போட்டான். நான் அடுப்படியில் நின்று அந்தச் சண்டையைக் கேட்டுக் கும்பிட்டேன்.

அவளுக்கு நன்றி சொன்னேனா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளையைக் காப்பாற்றினாள், சரி. தெரு முழுக்கக் கேட்க அல்லவா கேட்டாள். பூ வாங்கப் போனாலும் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவளும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் கரிவலம் பஸ்ஸில் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு நெடுநாளாக ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அவளுக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். புருஷன் அப்படித்தான் போனான் என்பார்கள். இல்லை, கூடப்பிறந்தவள் என்பார்கள்.

"ஒனக்கு என்ன நடந்துச்சு? ஏன் இப்படிக் கேட்டுக்கிட்டே திரியுத?" என்றேன்.

"ஒண்ணும் நடக்கலையே மதினி. அவரு சீக்குல போனாரு. அதுவும் ஆஸ்பத்திரியில, நான் பக்கத்துல இருக்கும்போது. எனக்குத் தெரியலைன்னா நான் கேப்பேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு அடிச்சு வெரட்டுனது அதுக்குத்தான்."

"அன்னைக்கு என் பிள்ளைகிட்ட கேட்டியே, ஒனக்குப் பயமே இல்லையா?"

"பயந்துதானே கேட்டேன்."

"அவன் இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"எந்திரிச்சு வந்திருப்பேன். நீ ஏசியிருப்ப. ஏச்சு என்ன எனக்குப் புதுசா?" என்று சிரித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இது நடந்து கொஞ்ச காலம் கழித்து எங்கள் தெருமுனையில் ரிட்டையர் ஆன ஒரு வாத்தியார் தவறிவிட்டார். நல்ல சாவுதான், வயதானவர். நான் போய் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருந்தது. எதிர் வீட்டுக்காரிதான் என் காதில், "துட்டிக்காரியைக் காணும். அவ வரலைன்னா வாத்தியாரு சாகலைன்னுல்லா அர்த்தம்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி அங்கே இருந்தாள். "அவ எங்க?" என்று கேட்டேன்.

"நாலஞ்சு நாளா வேலைக்கே வரலை பெரியம்மா. வயித்துவலியாம்."

சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்தேன். முந்தானையை உதறினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை.

அவள் வீடு தறிக்கூடத்துக்குப் பின்னால், ஒற்றை அறை. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினேன். சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவவில்லை. அடுப்பு பற்ற வைத்த அடையாளம் இல்லை. பின்னால் இருபது தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்தது தெரிந்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வந்த மதினி என்றுகூடக் கேட்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய வயர் கூடை அங்கேயே கிடந்தது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவளிடம் போய் இதைக் கேட்பதா? ஊரையே கேட்டவளிடமா? இல்லை என்று சொல்லிவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றும் ஓடியது. அந்த நேரத்திலும் என் முகம்தான் எனக்கு.

தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று உரக்கக் கேட்டேன்.

"ஏட்டி, சாகணும்னு தோணுதா?"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமா மதினி" என்றாள்.

அவள் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கு இவ்வளவு சின்னக் குரல் ஒன்று உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்கிறவளுக்கு அது வராது என்று எப்படியோ நினைத்துவிட்டிருக்கிறேன். ஊரே அப்படித்தான் நினைத்திருக்கிறது. என்ன ஆச்சு, ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதையா கேட்டாள் சங்கரிடம்? இல்லை. அவள் கேட்ட அடுத்த கேள்வியை நானும் கேட்டேன். அவள் பார்வை போன இடத்தில் இருந்ததை எடுத்து, அவளுடைய கூடையிலேயே போட்டு, அவளுடைய துண்டாலேயே மூடினேன்.

பிறகு சங்கருக்குப் போன் செய்தேன். காரணம் கேட்காமல் ஆட்டோவோடு வந்தான். உள்ளே வந்து, வெளுத்துத் தேய்த்த பேண்ட்டோடு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கெளம்புவோமா அத்தை?"

"ஆபீஸ் இல்லையாலே ஒனக்கு?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"வயித்துவலின்னு லீவு சொல்லிட்டேன்."

அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை யாரும் திணறவில்லை. நான் சொன்னேன், சங்கரும் சொன்னான். அதே வழியாகத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். திருப்பூரிலிருந்து அவள் மகள் வந்து சேர்ந்தாள். சரியானதும் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது அங்கேதான் இருக்கிறாள். எங்கள் தெருத் துட்டி வீடுகளில் இப்போது எல்லோரும் வருகிறார்கள், அழுகிறார்கள், போகிறார்கள். யாராவது வயித்துவலி என்றால் நான் எவ்வளவு நாளாக என்று கேட்கிறேன். எனக்கும் ஏச்சு விழுகிறது.

அவளை வார்டில் சேர்த்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பார்க்கப் போனேன். மகள் இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய தொண்டைக்காரி கட்டிலில் சுருண்டு கிடந்ததைப் பார்க்க எனக்கு ஆகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று. எழுந்தேன், என்னை அறியாமல் முந்தானையை உதறினேன், முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

வார்டின் கதவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது. கட்டில் கட்டிலாக எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஊசி குத்திக்கொண்டிருந்த நர்ஸ்கூடத் திரும்பினாள்.

"என்ன மதினி, இது என்ன துட்டி வீடா? சொல்லாமப் போற?"

நான் திரும்பி அவள் கட்டிலுக்கே வந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"போயிட்டு வாரேன்" என்றேன்.

"வா" என்றாள்.